10 மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ: வீட்டிலேயே எடுத்தால் ஒத்துக்கொள்வார்களா?

வண்ணை_மீனா கேட்டது:

வணக்கம். எங்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை. பாப்பாவுக்கு 10 மாதம் ஆகிறது. அவள் அப்பா துபாயில் இருக்கிறார், பாஸ்போர்ட் கைக்கு வந்தால்தான் விசாவுக்குப் போட முடியும் என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட். எனக்கு எடுத்தபோது அங்கேயே கேமரா முன்னால் உட்கார வைத்து எடுத்துவிட்டார்கள், அதனால் போட்டோ என்று ஒன்று வேண்டும் என்பதே தோன்றவில்லை. இப்போது பார்த்தால் 4 வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் நாமேதான் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோக வேண்டுமாம். 4.5 x 3.5 செ.மீ., வெள்ளை பேக்ரவுண்டு.

பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பாஸ்போர்ட் சைஸ் என்று சொன்னதுமே பழக்கத்தில் நீல பேக்ரவுண்டு போட்டுவிட்டார். அது போகட்டும், பிள்ளை முகத்தை மைதா மாவு தடவினது மாதிரி வெளுக்க வைத்து, கன்னத்தில் இருக்கிற சின்ன மச்சத்தையும் அழித்துக் கொடுத்திருக்கிறார். என் மாமியாரே “இது யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்டார்கள். மாற்றித் தாருங்கள் என்றால், குழந்தை அழுகிறது, இதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார். காசும் போச்சு.

இப்போது வீட்டிலேயே போனில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். அவள் தனியாக ஒரு நிமிடம் உட்கார்வாள், அப்புறம் சாய்ந்துவிடுவாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டால் என் கை தெரிகிறது. வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது, இரண்டு பல் வேறு வந்திருக்கிறதா, அதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். மாமியார் திருஷ்டிப் பொட்டு இல்லாமல் போட்டோ எடுக்கவே கூடாது என்கிறார்கள். அந்தப் பொட்டு இருந்தால் திருப்பி அனுப்புவார்களா? ஏற்கெனவே எடுத்த படத்தில் நீலத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பையன்:

அக்கா, இதற்கு எதற்கு இவ்வளவு டென்ஷன். பேக்ரவுண்டு அழிக்கிற ஆப் எத்தனையோ இருக்கிறது, நீலத்தை எடுத்துவிட்டு வெள்ளையைப் போட்டு பிரிண்ட் எடுங்கள், அஞ்சு நிமிட வேலை. நான் காலேஜ் அப்ளிகேஷனுக்கு எல்லாம் அப்படித்தான் செய்தேன்.

காசிமேட்டுக்காரி:

தம்பி, காலேஜ் அப்ளிகேஷனும் பாஸ்போர்ட்டும் ஒன்றா? அந்த ஆப் குழந்தையின் பூனை முடியை எல்லாம் கத்தரித்து, காதில் பாதியையும் சேர்த்துத் தின்றுவிடும். மீனா, அந்தப் படத்தைத் தூக்கிப் போடு. மச்சம் இல்லாத முகம் பாஸ்போர்ட்டில் ஏறினால் ஐந்து வருடம் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள், அதற்குள் முகம் எப்படியும் மாறும், அது வேறு விஷயம், ஆனால் ஆரம்பமே வேறு முகமாக இருக்கக் கூடாது இல்லையா.

என் பையனுக்கு வீட்டில்தான் எடுத்தேன். உட்கார வைக்காதே, படுக்க வை. தரையில் பாயை விரித்து, அதன் மேல் உன் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்துப் போடு. ஒற்றையாகப் போட்டால் பாயின் கோடு தெரியும். கரை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள், கசங்கல் இல்லாமல் அயர்ன் பண்ணிக்கொள். படுத்துவிட்டால் தலையைப் பிடிக்க ஆள் வேண்டாம், கையும் தெரியாது.

நேரம்தான் முக்கியம். காலையில் குளிப்பாட்டி, பால் கொடுத்து, ஏப்பம் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கும் பார், அதுதான் உனக்குக் கிடைக்கிற நேரம். அது தாண்டினால் தூக்கம் வந்துவிடும், தூக்கம் வந்தால் அழுகை. கிலுகிலுப்பையை ஆட்டினால் வாயைத் திறந்து சிரிக்கும், அதனால் ஆட்டாமல் போனுக்குப் பக்கத்தில் சும்மா பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். புதிதாக ஒன்றைப் பார்த்து யோசிக்கிற நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும், அப்போது எடு. ஒன்று ஒன்றாக அமுக்காதே, விடாமல் எடுத்துத் தள்ளு, அப்புறம் பொறுமையாகப் பொறுக்கிக்கொள்ளலாம்.

வெள்ளைச் சட்டை போடாதே. வேட்டியோடு சேர்ந்து தோளே தெரியாமல் போய்விடும். பட்டுப்பாவாடை, ஜரிகை எல்லாம் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள், ஜரிகை வெளிச்சத்தில் மின்னும். சாதாரணப் பருத்திச் சட்டை, கொஞ்சம் அழுத்தமான கலர், அது போதும். தலையில் பேண்டு, பெரிய கிளிப் வேண்டாம்.

டார்க்ரூம்_தாத்தா:

தண்டையார்பேட்டையில் வெகுகாலம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான், இப்போது கடையைப் பையன் பார்க்கிறான். மேலே அந்த அம்மா சொன்னது எல்லாம் சரி. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் குழந்தை போட்டோ திரும்பி வருகிறது என்றால் முக்கால்வாசி நிழலால்தான் இருக்கும், சைஸால் இல்லை. சைஸை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம்.

நம் பக்கத்து வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கும். உள்ளே டியூப்லைட் போட்டு, அதற்குக் கீழே நீங்கள் குனிந்து நின்று எடுத்தால் உங்கள் தலை நிழல் நேராகக் குழந்தை முகத்தில் விழும். பிளாஷ் போட்டால் கண்ணில் சிவப்புப் புள்ளி, காதுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு ஓரம், நெற்றியில் பளபளப்பு. அதனால் பிளாஷை அணைத்துவிடுங்கள். மொட்டை மாடி இருந்தால் காலையில் படிக்கட்டு அறையின் நிழல் விழுகிற பக்கமாகப் பாயைப் போடுங்கள். வெயில் நேராக விழக் கூடாது, ஆனால் வானம் திறந்து இருக்க வேண்டும். அந்த வெளிச்சம் நாலு பக்கமும் ஒரே மாதிரி வரும், மூக்குக்குக் கீழேயும் கழுத்திலும் நிழல் தங்காது. அதற்கு ஈடாக ஸ்டூடியோவில் இரண்டு குடை லைட் வைத்தால்தான் கிடைக்கும். மாடிக்கு வழி இல்லை என்றால் வாசல் நடை, கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழாத மாதிரி பார்த்துப் படுக்க வையுங்கள்.

அடுத்தது தூரம். எல்லாரும் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறார்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும், அந்த முகம் அசல் முகம் இல்லை. கேமரா ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இப்போது வெளிநாட்டுத் தூதரகங்களில் கொடுக்கிற குறிப்பிலேயே இருக்கிறது. தரையில் குழந்தையைப் போட்டுவிட்டு நீங்கள் நேராக நின்று கண் உயரத்தில் போனைப் பிடித்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். கூடவே இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். போன் சாயக் கூடாது, முகத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாடை பெரிதாகவும் நெற்றி சின்னதாகவும் வரும்.

டச்சப் விஷயம். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி, ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவில் தொடங்கின பழக்கம், பிறகு ஸ்கூல் ஐடி கார்டு வரைக்கும் வந்துவிட்டது. வெளுப்பாக்காவிட்டால் வாடிக்கையாளரே கோபித்துக்கொள்கிறார். ஆனால் பாஸ்போர்ட்டில் அந்தப் படத்தை இப்போது மனிதன் மட்டும் பார்ப்பதில்லை. ஐகாவோ என்கிற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, டாக் 9303 என்று ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது, முகத்தை மெஷின் எப்படிப் படிக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் உண்டு. நம் சென்னை அலுவலகத்தில் 2025 மார்ச் 3 முதல் சிப் வைத்த பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள், படம் அந்தச் சிப்புக்குள்ளும் போகிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, முகத்தின் ஓரம் இதையெல்லாம் வைத்துத்தான் ஒப்பிடும். ஓரத்தை ஆப் கத்தரித்துவிட்டால், தோலை நாம் வழித்துவிட்டால், அது எதை வைத்து ஒப்பிடும்?

பிரிண்ட் போடுவதற்கு: படத்தை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். 300 டிபிஐயில், அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 35 மி.மீ.க்கு 413 பிக்சல், 45 மி.மீ.க்கு 531 பிக்சல் வரும், அதற்குக் குறையக் கூடாது. நாலுக்கு ஆறு இன்ச் பேப்பர் ஒன்றில் இந்த சைஸ் 8 படம் அடங்கும், ஒரு ஷீட் போட்டுக்கொண்டால் விசா, ஸ்கூல் எல்லாவற்றுக்கும் ஆகும். கடைக்காரரிடம் “கரெக்ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கை தானாகப் போகும், நானே அப்படித்தான்.

வண்ணை_மீனா:

ரொம்ப நன்றி அக்கா, ஐயா. வீட்டு ஓனர் மாடிச் சாவி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். துணி காயப் போடுகிற நேரத்துக்கு முன்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலே எல்லாம் நைட்டியும் பாவாடையும்தான் தொங்கும். ஆனால் திருஷ்டிப் பொட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இங்கே அதுதான் பெரிய பஞ்சாயத்து. புருவத்துக்கும் மை தீட்டுகிறார்கள், வீட்டில் செய்த மை.

காசிமேட்டுக்காரி:

கன்னத்துப் பொட்டை எடுத்துவிடு. பொட்டு வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அவ்வளவு பெரிய கறுப்புப் புள்ளி படத்தில் மச்சம் மாதிரியும் அடிபட்ட தழும்பு மாதிரியும் தெரியும். புருவ மையும் வேண்டாம், இல்லாத புருவத்தை வரைந்துவிடுவார்கள், குழந்தை கோபக்காரனைப் போல இருக்கும். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதே. பொட்டை உள்ளங்காலில் வைக்கச் சொல்லு. எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாதானம் ஆனது. போட்டோ எடுத்து முடித்ததும் அவர்களையே சுற்றிப் போடச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் திருப்தி.

மண்ணடி_டிக்கெட்:

மண்ணடியில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி குழந்தை கேஸ் நிறைய வரும். போட்டோ பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். மற்றதைச் சொல்கிறேன்.

தங்கச்சி, உன் வேலை சேவா கேந்திராவில் நடக்கிறது, அங்கே 4.5 x 3.5 வெள்ளை பேக்ரவுண்டு பிரிண்ட் கொடுத்தால் ஏ கவுன்டரில் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்வார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோ, மேலே கையெழுத்து எதுவும் போடாதே, ஸ்டேப்ளர் பின் அடிக்காதே, கவரில் தனியாக வை. அதுவே குழந்தையை அங்கே கூட்டிக்கொண்டு போன பிறகு துபாயில் புதுப்பிக்க நேர்ந்தால் கணக்கு வேறு. 2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டில் இருக்கிற இந்தியத் தூதரகங்களில் ஐகாவோ முறைப்படி எடுத்த படம்தான் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 630 x 810 பிக்சல், முகம் படத்தில் 80 முதல் 85 சதவீதம், சாஃப்ட்வேரில் திருத்தக் கூடாது, கண்ணாடி கூடாது. 630க்கு 810 என்பதும் நம் 35க்கு 45 விகிதம்தான், இரண்டுமே 7க்கு 9, அதனால் இப்போது எடுக்கிற படத்தையே கொஞ்சம் தாராளமாக எடுத்து வைத்துக்கொண்டால் எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். எடுக்கும்போதே முகத்தை ஒட்டி வெட்டி எடுத்துவிட்டால்தான் பிறகு வழி இருக்காது.

விசாவுக்கு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்கு 2க்கு 2 இன்ச் சதுரம், தலை 1 இன்ச்சிலிருந்து 1 3/8 இன்ச்சுக்குள், 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்டால் எடுக்க மாட்டார்கள். ஐரோப்பா ஷெங்கனுக்கு நம் சைஸே. சிங்கப்பூருக்கு ஆன்லைனில் ஏற்றுகிற படம் 400 x 514 பிக்சல். கனடா பாஸ்போர்ட்டுக்கு 50 x 70 மி.மீ., அதுவும் கடையில் எடுத்ததாக இருக்க வேண்டும், பின்னால் ஸ்டூடியோ பெயரும் தேதியும் வேண்டும், வீட்டு மாடியில் எடுத்தது அங்கே செல்லாது. குழந்தை கண் மூடிவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். பிரிட்டன் பாஸ்போர்ட்டில் ஒரு வயதுக்குள் என்றால் கண் திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதை நம் பாஸ்போர்ட்டுக்கு நம்பிக்கொண்டு போகாதே, கண் திறந்த படமே கொடு.

போட்டோவை விட உன் கேஸில் எனக்குக் கவலை அனெக்ஸர் டி, அதாவது பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் எழுதிக் கொடுக்கிற உறுதிமொழிப் படிவம். அப்பா வெளிநாட்டில் இருப்பதால் அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கின படிவம் ஒன்று, நீ இங்கே கையெழுத்திட்டது ஒன்று. அது இருக்கிறதா? பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா? 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம், வேறு எதுவும் செல்லாது. நிறைய பேர் ஆஸ்பத்திரியில் கொடுத்த விவரத்தோடு, பெயர்க் கட்டம் காலியாக, கார்ப்பரேஷன் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பெயரை 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது, உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வண்ணை_மீனா:

இரண்டுமே இருக்கிறது அண்ணா. அனெக்ஸர் அவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார், போன வாரம்தான் கைக்கு வந்தது. பெயர் தொட்டில் போட்ட மறுநாளே சேர்த்துவிட்டோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அமைந்தகரை வரைக்கும் எப்படிப் போவது நல்லது? ஆட்டோவில் போனால் வால்டாக்ஸ் ரோட்டிலேயே அப்பாயின்ட்மென்ட் நேரம் முடிந்துவிடும் போல இருக்கிறது.

மண்ணடி_டிக்கெட்:

மெட்ரோவில் போ. வண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறி, பச்சை லைனில் ஷெனாய் நகர் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ கிட்டத்தான். ஏசியில் குழந்தை அழாமல் வரும். கட்டணம் 1,000 ரூபாயில் 8 வயதுக்குக் கீழே 10 சதவீதம் தள்ளுபடி, நீ 900 கட்டியிருப்பாய். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ, உள்ளே விடாவிட்டாலும் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரம்பூர்_பையன்:

சரி சரி, ஆப் வேண்டாம். படிக்கிறவர்கள் என் முதல் கமென்ட்டைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் ஒரு சந்தேகம் ஐயா, வேட்டி வெள்ளையாக இருந்தாலும் போட்டோவில் சாம்பல் நிறமாகத்தானே வருகிறது? அப்போது வெளிச்சத்தைக் கூட்டலாமா, அதுவும் திருத்தத்தில் சேருமா?

டார்க்ரூம்_தாத்தா:

நல்ல கேள்வி. போன் கேமரா வெள்ளையைப் பார்த்தால் பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதனால்தான் சாம்பல். எடுத்த பிறகு சரி செய்யாதே, எடுக்கும்போதே செய். திரையில் குழந்தை முகத்தைத் தொடு, பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளு. துணி வெளுக்கும், ஆனால் தோலின் நிறம் கரைந்து போகிற அளவுக்குப் போகாதே. கன்னத்தையும் துணியையும் பிரிக்கிற கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள். போனில் அழகு மோட் என்று ஒன்று தானாகவே ஆனில் இருக்கும், அதைத் தேடி அணைத்துவிடு. மீனாம்மா, நீங்களும் அதைப் பாருங்கள், புது போன் என்றால் கண்டிப்பாக இருக்கும். ஸ்டூடியோக்காரன் செய்த அதே வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடும்.

திருவொற்றியூர்_ரமேஷ்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்கு 67 வயது, பாஸ்போர்ட் முடிந்து புதுப்பிக்கப் போகிறோம். அவருக்கும் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டுமா? எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, தடிமனான கண்ணாடி. வேறு உடை போடச் சொன்னால் வரவே மாட்டேன் என்பார்.

மண்ணடி_டிக்கெட்:

வேண்டாம், பெரியவர்களுக்கு அங்கேயே எடுப்பார்கள், கைரேகையும் அப்போதே. கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றினால் அப்பாவுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதனால் “குரல் வருகிற பக்கம் நேராகப் பாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 60க்கு மேல் உள்ள 10 சதவீதத் தள்ளுபடி முதல்முறை எடுப்பவர்களுக்குத்தான், புதுப்பிக்கிறதுக்கு இல்லை, அதை எதிர்பார்த்துப் போய் நிற்காதீர்கள். சட்டை மட்டும் கொஞ்சம் கலராக இருந்தால் நல்லது, பின்னாலும் வெள்ளை, சட்டையும் வெள்ளை என்றால் தலை மட்டும் தனியாக மிதக்கும். நீலமோ காப்பிக் கலரோ ஒன்று போட்டுக்கொண்டு வரட்டும். வேட்டி வெள்ளையாகவே இருக்கட்டும், தோளுக்குக் கீழே கேமரா பார்க்காது.